ஷாரன் ஊரின் பெண் சிப்பாய் டெபோரா சாம்ப்சன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாஸ்டனிலிருந்து ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும் சின்ன ஊர் ஷாரன். இங்கே பிள்ளைகளோடு தங்க வரும் பெற்றோர், புதிதாகக் குடிவந்தவர்கள், பள்ளிக்கூட ப்ராஜெக்டுக்கு அலையும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் டெபோரா சாம்ப்சனைப் பற்றி ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாக்கிலேயே விட்டிருக்கிறேன்.

யாருங்க இந்தம்மா? சிலை வைக்கிற அளவுக்கு என்ன செஞ்சாங்க?

அமெரிக்க விடுதலைப் போரின் கடைசிக் கட்டத்தில், ராபர்ட் ஷர்ட்லிஃப் என்ற பெயரில், ஆண் உடையில் படையில் சேர்ந்து சுமார் 17 மாதம் சிப்பாயாக இருந்தவர். 4ஆவது மாசசூசெட்ஸ் ரெஜிமென்ட்டில், கேப்டன் ஜார்ஜ் வெப்பின் இலகு காலாட்படைக் கம்பெனி. 1782 மே மாதம் சேர்ந்தார். 1783 அக்டோபரில் வெஸ்ட் பாயிண்ட் முகாமில் நற்பெயரோடு விடுவிக்கப்பட்டார்.

அந்தக் காலத்தில் படைகளுக்குப் பின்னாலேயே பெண்களும் போவார்கள். சமைப்பது, துணி துவைப்பது, காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொள்வது என்று வேலை இருக்கும். டெபோரா போனது அந்தக் கணக்கில் இல்லை. பெயர்ப்பட்டியலில் பெயர், கையில் துப்பாக்கி, மற்ற சிப்பாய்களுக்கு என்ன சம்பளமோ அதே சம்பளம்.

இந்த ஊர்க்காரங்கதானா?

பிறந்த ஊர் இல்லை. 1760 டிசம்பர் 17ல் பிளிம்ப்டன் என்ற ஊரில் பிறந்தார், வளர்ந்தது மிடில்பரோவில். ஷாரனுக்கு வந்தது போரெல்லாம் முடிந்தபின், 1785 ஏப்ரலில் பெஞ்சமின் கேனட் என்ற இவ்வூர் விவசாயியைக் கல்யாணம் செய்துகொண்டு. 1827 ஏப்ரல் 29ல் இறக்கும் வரை 42 வருஷம் இங்கேயேதான் குடித்தனம்.

ஆக, ஷாரன் சிப்பாய் ராபர்ட்டைப் பார்த்ததே இல்லை. பார்த்தது டெபோரா கேனட்டை: மூன்று பிள்ளைகள், பிரசவத்தில் தாயை இழந்த ஒரு குழந்தையையும் சேர்த்து வளர்த்தது, விளைச்சல் இல்லாத நிலம், கடன், அரசாங்கத்துக்கு மனு மேல் மனு. என்னைக் கேட்டால் துப்பாக்கிக் கதையைவிட இந்தப் பாகம்தான் அருமை. காகித ஆதாரமும் இதற்குத்தான் அதிகம்.

வசதியான வீட்டுப் பெண்ணா?

வம்சம் பெரிது, வீட்டில் அரிசி இல்லை என்பார்களே, அப்படி. தாய்வழியில் பிளிமத் குடியேற்றத்தின் ஆளுநராக இருந்த வில்லியம் பிராட்ஃபோர்டின் வாரிசு. ஆனால் அப்பா குடும்பத்தை விட்டுவிட்டுப் போய்விட்டார். கடலில் செத்துவிட்டார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது. உண்மையில் அவர் மெய்ன் பக்கம் போய் வேறொரு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்.

அம்மாவால் எல்லாப் பிள்ளைகளையும் வைத்துச் சமாளிக்க முடியவில்லை. ஒவ்வொருவரையும் ஒவ்வொரு வீட்டில் விட்டார். டெபோராவைப் பத்து வயது வாக்கில் மிடில்பரோவில் ஜெரமையா தாமஸ் என்ற விவசாயி வீட்டில் வேலைக்கு ஒப்படைத்தார்கள். 18 வயது வரை சோறும் துணியும் உண்டு, கூலி கிடையாது. அங்கேதான் உழவு, தச்சு வேலை, தறி எல்லாம் பழகினார். ஒப்பந்தம் முடிந்ததும் கோடையில் பள்ளிக்கூடம் நடத்தினார், மற்ற நாட்களில் வீடு வீடாகப் போய்த் தறி நெய்து பிழைத்தார்.

எதுக்கு ஆம்பளை வேஷம் போட்டுப் போகணும்? தேசப்பற்றா, காசா?

இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்று ஏன் நினைக்கிறோமோ தெரியவில்லை. 1782 வாக்கில் ஒவ்வொரு ஊரும் இத்தனை பேரைப் படைக்கு அனுப்ப வேண்டும் என்று கணக்கு இருந்தது. ஆள் கிடைக்காததால் ஊரார் கையிலிருந்து ஊக்கத்தொகை கொடுத்துச் சேர்த்தார்கள். தறிக்கூலியில் பிழைக்கும் கல்யாணமாகாத பெண்ணுக்கு அது பெரிய பணம். அவரோடு சேர்ந்த பையன்களில் பாதிப் பேருக்கும் அந்தப் பணம்தான் காரணமாக இருந்திருக்கும், அவர்களை நாம் தேசப்பற்று இல்லாதவர்கள் என்று சொல்வதில்லை.

முதல் தடவையே மாட்டிக்கிட்டாங்கன்னு சொல்றாங்களே?

ஆமாம். மிடில்பரோவிலேயே, தன்னைத் தெரிந்த ஆட்கள் நடுவிலேயே முயற்சி செய்ததுதான் வினை. வேறொரு ஆண் பெயரில் பணம் வாங்கிக்கொண்டு, அடையாளம் தெரிந்து மாட்டிக்கொண்டார். இது வெறும் ஊர்ப்பேச்சு என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. பக்கத்தில் வசித்த ஆப்னர் வெஸ்டன் என்ற படைவீரரின் நாட்குறிப்பு 2019ல் வெளிச்சத்துக்கு வந்து அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தது. பிலடெல்பியாவின் அமெரிக்கப் புரட்சி அருங்காட்சியகம் அதை வாங்கியிருக்கிறது. 1782 ஜனவரிக் குறிப்பில், நம் ஊர் டெபோரா ஆண் உடை போட்டுக்கொண்டு மூன்று வருஷச் சேவைக்குப் பணம் வாங்கினாள், கண்டுபிடித்ததும் பணத்தைத் திருப்பித் தந்து நஷ்டத்தையும் கட்டினாள் என்று இருக்கிறது.

அவர் சேர்ந்திருந்த மிடில்பரோ பாப்டிஸ்ட் சபை சும்மா விடவில்லை. ஆண் உடை, படையில் சேர்ந்தது, நடத்தை சரியில்லை என்று குற்றம்சாட்டி 1782 செப்டம்பரில் சபையை விட்டு விலக்கியது. அதற்குள் அம்மணி வேறு ஊர்க் கணக்கில், ராபர்ட் என்ற பெயரில் சேர்ந்து, ஹட்சன் ஆற்றங்கரையில் காவல் சுற்றிக்கொண்டிருந்தார்.

இவ்வளவு ஆம்பளைங்க நடுவுல எப்படித் தெரியாமப் போச்சு?

இன்றைய மருத்துவப் பரிசோதனையை மனதில் வைத்துக்கொண்டு யோசித்தால் நம்ப முடியாதுதான். அன்று ஆள் நிமிர்ந்து நிற்கிறானா, துப்பாக்கி தூக்குவானா என்று பார்த்ததோடு சரி. மீசை முளைக்காத பதினைந்து பதினாறு வயதுப் பையன்கள் படையில் நிறைய இருந்தார்கள், இவரையும் அப்படி ஒரு பையன் என்றே எடுத்துக்கொண்டார்கள். போட்ட உடையோடு தூங்குவது, எப்போதாவது குளிப்பது எல்லாருக்குமே வழக்கம். கூடவே எட்டு வருஷப் பண்ணை வேலை கொடுத்த உடம்பு.

படிக்கிற இடத்துல எல்லாம் கதை வேற வேற மாதிரி இருக்கே, ஏன்?

எல்லாம் ஹெர்மன் மான் என்ற ஆள் செய்த வேலை. டெபோரா உயிரோடு இருக்கும்போதே, அவரிடம் கேட்டு, 1797ல் அவரது வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். பக்கத்து ஊரான டெடமில் பத்திரிகை, அச்சு என்று இருந்தவர். எழுத்தில் ஆர்வம் உண்டு, அடக்கம் இல்லை. கேட்டதோடு தன் கற்பனையையும் தாராளமாகக் கலந்துவிட்டார். பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் அவரைப் பார்த்து எழுதியவர்கள்தான்.

அதனால் நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். படைப் பதிவு, சட்டமன்றத் தீர்மானம், பென்ஷன் காகிதம், கடிதம், அவர் கைப்பட எழுதிய நாட்குறிப்பு இவற்றில் இருந்தால் நேராகச் சொல்வேன். மான் மட்டுமே சொல்வதென்றால் மான் சொல்கிறார் என்று சேர்த்துச் சொல்வேன். கீழே உள்ள பதில்களிலும் அப்படித்தான்.

யார்க்டவுனோட போர் முடிஞ்சுதே. 1782ல சேர்ந்து யாரோட சண்டை போட்டாங்க?

நல்ல கேள்வி. 1781 அக்டோபரில் யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்தது பெரிய திருப்பம், ஆனால் முடிவு இல்லை. சமாதான ஒப்பந்தம் பாரிஸில் 1783 செப்டம்பர் 3ல்தான் கையெழுத்தானது. நியூயார்க் நகரை பிரிட்டிஷார் காலி செய்தது அதற்கும் பிறகு, நவம்பர் 25ல். நகருக்கு வடக்கே வெஸ்ட்செஸ்டர் பகுதி இரண்டு தரப்புக்கும் நடுவில் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது. பிரிட்டிஷாரை ஆதரித்த கும்பல்கள் அங்கே மாடு பிடிப்பதும் கொள்ளையடிப்பதுமாக இருந்தன. டெபோராவின் கம்பெனி ரோந்து போனதும் மோதியதும் அந்தப் பக்கம்தான். பெரும்போர் இல்லை. ஆனால் சின்ன மோதலிலும் குண்டு பட்டால் சாவுதான்.

இந்தப் போர் எவ்வளவு தூரம் நீண்டது என்பதற்கு நம் பக்கத்துக் கணக்கு ஒன்று உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் அமெரிக்காவோடு சேர்ந்துகொண்டதால் இங்கிலாந்தோடு அவர்கள் சண்டை உலகம் முழுக்க நடந்தது. 1783 ஜூனில் கடலூரைப் பிரிட்டிஷ் படை முற்றுகையிட்டிருந்தது. கோட்டைக்குள் பிரெஞ்சுக்காரர்கள், கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சஃப்ரனின் கப்பல்கள். ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சமாதானம் பேசி முடித்த செய்தி அங்கே வந்து சேர்ந்தது ஜூன் கடைசியில். அதே மாதத்தில்தான் டெபோராவின் படைப்பிரிவில் ஒரு பகுதி பிலடெல்பியாவுக்குக் கிளம்பியது.

வேலு நாச்சியார் மாதிரின்னு சொல்லலாமா?

காலம் ஒத்துப்போகிறது, அதோடு சரி. வேலு நாச்சியார் 1780ல் சிவகங்கையை மீட்டார், டெபோரா அதற்கு இரண்டு வருஷம் கழித்துப் படையில் சேர்ந்தார். ஆனால் நாச்சியார் ராணி. தன் பெயரில், தன் சீமைக்காக, ஹைதர் அலியின் உதவியோடு படை நடத்தியவர். இவர் இன்னொருவர் வீட்டில் கூலியில்லாமல் வேலை பார்த்து வளர்ந்த பெண், அடுத்தவர் உத்தரவுக்குக் கட்டுப்பட்ட கடைநிலைச் சிப்பாய். ஒப்பிட்டால் இரண்டு பேருக்குமே நியாயம் செய்ததாகாது.

தொடையில பாய்ஞ்ச குண்டைத் தானே கத்தியால எடுத்தாங்களாமே?

மான் சொல்கிறார். டாரிடவுன் அருகே நடந்த மோதலில் தலையில் வெட்டும் தொடையில் துப்பாக்கிக் குண்டும் பட்டதாம். தலைக்காயத்தை மட்டும் பிரெஞ்சு மருத்துவரிடம் காட்டிவிட்டு, தொடைக் காயத்தைக் காட்டினால் குட்டு வெளிப்படும் என்று ஒளிந்துபோய், ஒரு குண்டைப் பேனாக்கத்தியும் ஊசியும் வைத்துத் தானே எடுத்தாராம். இன்னொன்று ஆழத்தில் இருந்ததால் கடைசிவரை உள்ளேயே இருந்ததாம்.

இதில் எவ்வளவு சரி? டாரிடவுனில் காயம்பட்டதை டெபோராவே பின்னாளில் பென்ஷனுக்காகக் கொடுத்த வாக்குமூலத்தில் சொல்லியிருக்கிறார். 1805ல் அரசாங்கம் கொடுத்த பென்ஷனும் உடல் பாதிக்கப்பட்ட வீரர்களுக்கான பென்ஷன்தான். காயம்பட்டது உண்மை என்று வைத்துக்கொள்ளலாம். பேனாக்கத்தி, ஊசி எல்லாம் மானோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

கடைசியில எப்படித்தான் தெரிஞ்சுது?

காய்ச்சலால். 1783 கோடையில் பிலடெல்பியாவில் சம்பளம் கேட்டுச் சிப்பாய்கள் கலகம் செய்ய, அடக்குவதற்குப் போன படையோடு டெபோராவும் போனார். அப்போது அவர் தளபதி ஜான் பேட்டர்சனின் உதவியாளாக இருந்தார். நகரில் தொற்றுக் காய்ச்சல் பிடித்து நினைவிழந்து மருத்துவமனையில் கிடந்தபோது, டாக்டர் பார்னபஸ் பின்னி பரிசோதிக்கப் போய் உண்மை தெரிந்துவிட்டது. பின்னி ஊரைக் கூட்டவில்லை. தன் வீட்டுக்கே கொண்டுபோய்ப் பார்த்து, தேறியபின் தளபதிக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார். தண்டனை எதுவும் இல்லை.

சம்பளம் ஒழுங்காக் குடுத்தாங்களா?

எந்தச் சிப்பாய்க்கும் ஒழுங்காகக் கொடுக்கவில்லை, இவருக்கு மட்டும் எப்படிக் கொடுப்பார்கள்? 1792 ஜனவரியில் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்கு மனுப் போட்டார். 34 பவுண்டும் விடுவிக்கப்பட்ட நாளிலிருந்து வட்டியும் தரச் சொல்லித் தீர்மானம் நிறைவேறியது. ஆளுநர் ஜான் ஹான்காக் கையெழுத்திட்டார். தீர்மானத்தில் அவர் வீரத்தைப் புகழ்ந்த கையோடு, கற்புக்கு எந்தக் களங்கமும் வராமல் நடந்துகொண்டார் என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். எந்த ஆண் சிப்பாயின் சம்பளப் பாக்கிக்கும் அந்தச் சான்றிதழ் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை.

மேடையேறிப் பேசினாங்களாமே, அது நிஜமா?

நிஜம். அதற்கு அவரே எழுதிய நாட்குறிப்பு இருக்கிறது. 1802 மார்ச்சில் பாஸ்டன் ஃபெடரல் தெரு நாடக அரங்கில் தொடங்கி, மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், நியூயார்க் என்று ஊர் ஊராகப் போனார். முதலில் பெண் உடையில் உரை. அப்புறம் ராணுவச் சீருடையில் வந்து துப்பாக்கிப் பயிற்சி செய்து காட்டுவார். டிக்கெட் உண்டு. அமெரிக்காவில் இப்படிச் சொற்பொழிவுப் பயணம் போன முதல் பெண் இவர்தான் என்று பலரும் சொல்கிறார்கள்.

உரையை எழுதிக்கொடுத்தது நம் மான்தான். பெண்மையின் மலர்ப்பாதையிலிருந்து விலகிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்கும் தோரணையில் ஒரே அலங்காரமாக ஓடும். நாட்குறிப்பில்தான் அசல் டெபோரா பேசுகிறார். ஓர் அரங்கில் நுழைந்தபோது எல்லார் முகத்திலும் அவநம்பிக்கை தெரிந்ததாம். இது பதினெட்டு வயதுக்கு மேல் இல்லாத ஒரு பையன் என்று சிலர் சத்தியம் செய்தது காதில் விழுந்ததாம். அப்போது அவருக்கு 41 வயது, மூன்று பிள்ளைகளின் தாய். பேச எழுவதற்கு முன் கொஞ்ச நேரம் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்ததாக எழுதுகிறார். கூட்டம், குறிப்பாகப் பெண்கள், மரியாதையாகக் கேட்டார்கள் என்று திருப்தியும் பட்டுக்கொள்கிறார்.

பால் ரெவியருக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

பால் ரெவியர் என்றால் 1775ல் பிரிட்டிஷ் படை வருகிறது என்று இரவோடு இரவாகக் குதிரையில் போய்ச் சொன்னவர். பிற்காலத்தில் ஷாரனுக்கு அடுத்த ஊரான கேன்டனில் செம்புத் தகடு ஆலை வைத்திருந்தார், அந்த வகையில் பழக்கம். 1804 பிப்ரவரியில் டெபோராவுக்குப் பென்ஷன் கேட்டு நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் யூஸ்டிஸுக்குக் கடிதம் எழுதினார். படையில் இருந்தவள் என்றதும் நெட்டையாக, முரட்டுத்தனமாக, விவரமில்லாத ஒருத்தியை எதிர்பார்த்தேன், பார்த்தால் சிறிய உருவம், மென்மையான நடை, நன்றாகப் பேசத் தெரிந்தவர் என்கிறார். கொஞ்சம் மோசமான நிலம் வைத்திருக்கிறார்கள், நிஜமாகவே ஏழைகள் என்றும் எழுதுகிறார். மறுவருஷமே மாதம் 4 டாலர் பென்ஷன் வந்தது.

அது போதவில்லை. 1806 பிப்ரவரியில் டெபோரா ரெவியருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. தனக்கும் மகனுக்கும் உடம்பு சரியில்லை, தொண்ணூற்றொன்பது உதவி வாங்கியாயிற்று, நூறாவதும் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, 10 டாலர் கைமாற்று வேண்டும் என்று. நாலு ஊர் மேடையில் கைதட்டு வாங்கி நான்கு வருஷம்கூட ஆகவில்லை.

ஆள் உயரமா குள்ளமா? ஒரு இடத்துல ஐந்தடி ஏழு அங்குலம்னு போட்டிருக்கே?

அந்த உயரம் மான் வழியாக வந்தது. மேலே பார்த்த ரெவியர் கடிதம் சிறியவர் என்கிறது. ஆனால் ரெவியர் ஒரு பூதத்தை எதிர்பார்த்துப் போனவர், யூஸ்டிஸின் மனதை இளக்க எழுதியவர். இலகு காலாட்படைக்குக் குள்ளமானவர்களை எடுக்க மாட்டார்கள் என்பதையும் கவனியுங்கள். அன்றைய பெண்களைவிட உயரமானவர் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ராணுவப் பென்ஷன் வாங்கின முதல் பெண் இவர்தானே?

இல்லை. மார்கரெட் கார்பின் 1776 நவம்பரில் ஃபோர்ட் வாஷிங்டன் சண்டையில் கணவர் விழுந்ததும் பீரங்கியை இயக்கிக் காயம்பட்டவர். அவருக்கு நாடாளுமன்றம் 1779லேயே பாதிச் சம்பளம் அனுமதித்தது. முதல் பெண், ஒரே பெண் போன்ற பட்டங்களைக் கண்டால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

மனைவியோட பென்ஷனை புருஷன் வாங்கினாராமே?

கேட்டார், கையில் வாங்கவில்லை. இறந்த வீரர்களின் விதவைகளுக்குப் பென்ஷன் தரச் சட்டம் இருந்தது. மனைவி வீரராக இருந்து இறந்துபோனால் கணவனுக்கு உண்டா என்று சட்டத்தில் யாரும் யோசித்திருக்கவில்லை. பெஞ்சமின் வயதான காலத்தில், வறுமையில் மனுப் போட்டார். புரட்சியின் வரலாறு முழுவதிலும் இப்படிப்பட்ட பெண் வீரத்துக்கு இன்னோர் உதாரணம் இல்லை என்று நாடாளுமன்றக் குழு எழுதி ஆதரித்தது. ஆனால் அவர் 1837 ஜனவரியிலேயே இறந்துவிட்டார். 1838 ஜூலையில் சட்டம் போட்டு வாரிசுகளுக்கு 466.66 டாலர் கொடுத்தார்கள்.

சிலர் திருநம்பின்னு சொல்றாங்க. அப்படியா?

படையில் இருந்தபோது பெண்கள் அவரிடம் மயங்கியதாக மான் சில பக்கங்கள் எழுதியிருக்கிறார். மானை எப்படிப் படிப்பது என்று மேலேயே சொல்லிவிட்டேன். அவர் கையெழுத்தில் உள்ள கடிதங்களும் மனுக்களும் டெபோரா கேனட் என்றே முடிகின்றன. ஆண் உடையில் இருந்த காலத்தைப் பற்றி அவர் வெட்கப்பட்டதாகவும் தெரியவில்லை, சீருடையில் மேடையேறியவர் ஆயிற்றே. இன்றைய பெயர் எதையும் அவர்மேல் ஒட்ட எனக்கு விருப்பம் இல்லை. ஒட்டுகிறவர்களோடு சண்டைக்கும் போவதில்லை.

ஷாரன்ல என்னென்ன பார்க்கலாம்?

1989ல் ஊர்ப் பொது நூலகத்தின் முன் வைத்த வெண்கலச் சிலையைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். லூ ஸ்டப்ஸ் என்ற சிற்பி செய்தது. பெண் உடை, கையில் துப்பாக்கி. கிழக்குத் தெருவில் கேனட் குடும்பத்து வீடு இருக்கிறது. அதில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், சாலையிலிருந்து பார்த்துவிட்டு வந்துவிடுங்கள், கதவைத் தட்ட வேண்டாம். ராக் ரிட்ஜ் கல்லறைத் தோட்டத்தில் சமாதி. அவர் பெயரில் ஒரு தெருவும் உண்டு.

மாநிலத்தின் அதிகாரபூர்வ வீராங்கனை என்று 1983ல் அறிவித்தார்கள். முன்னாள் படைவீராங்கனைகளின் மருத்துவ வசதிக்கான சட்டம் ஒன்று அவர் பெயரோடு 2021 ஜனவரியில் வந்தது.

சமாதிக் கல்லுல 1781 முதல் 1783 வரைன்னு போட்டிருக்கு. நீங்க 1782ங்கறீங்க. எது சரி?

படைப் பதிவுப்படி 1782 மே. ஆனால் தவறு கல் வெட்டியவருடையது மட்டும் இல்லை. 1818ல் கொடுத்த வாக்குமூலத்தில் டெபோராவே, 1781 ஏப்ரலில் சேர்ந்தேன், கார்ன்வாலிஸ் பிடிபட்டபோது அங்கே இருந்தேன் என்கிறார். மானும் அவரை யார்க்டவுன் அகழியில் மண் வெட்ட வைக்கிறார். நாம் பார்த்த வெஸ்டன் நாட்குறிப்போ, 1782 ஜனவரியில் அவர் மிடில்பரோவில் முதல் தடவை மாட்டிக்கொண்டதைச் சொல்கிறது. இரண்டும் ஒன்றாக உண்மையாக இருக்க முடியாது.

ஏன் அப்படிச் சொன்னார்? முதலில் கதையை விற்க மான் சேர்த்த யார்க்டவுன், மேடையில் பல தடவை சொல்லிச் சொல்லி அவர் கதையாகவே ஆகிவிட்டது என்பது என் ஊகம். பதினாறு வருஷம் முன்பு அச்சிலும் மேடையிலும் சொன்னதைப் பென்ஷன் கேட்கும் நேரத்தில் மாற்றினால் மொத்தக் கதையையும் சந்தேகிப்பார்கள். ப்ராஜெக்ட் செய்யும் பிள்ளைகள் 1782 என்றே எழுதலாம். கல்லின் படத்தையும் ஒட்டினால், ஆண்டு ஏன் மாறுகிறது என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் டீச்சர் கேட்பார்.